வேலைப் பயணத்தின் நடுவே ஒரு நாள் ஊர் பார்க்க: படிப்படியான திட்டம்

வேலைக்காகத் தொலைதூரம் போகிறவர், வழியில் ஒரு ஊரில் இறங்கி ஒரு நாளோ அரை நாளோ சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார். உடனே அந்த ஊரில் என்னென்ன பார்க்கலாம் என்று தேடத் தொடங்குகிறார். பத்து இடங்கள் சேர்ந்ததும் டிக்கெட் எடுக்கிறார். விசா தேவையா என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எங்கள் குழுவில் புதிதாக வெளிநாடு போகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயணத்திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த வரிசை தலைகீழானது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எங்கே போவது என்பது இந்த வேலையில் ஏழாவது படி. அதற்கு முன்னால் இருக்கும் ஆறு படிகள்தான், போக முடியுமா, எவ்வளவு நேரம் போக முடியும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

தொடங்கும் முன் நான்கு விஷயங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட், அதில் இருக்கும் விசாக்களின் நகல், கடைசிக் கூட்டம் முடியும் தேதியும் நேரமும், அலுவலகத்தின் பயண விதிகள். கூட்டம் முடியும் நேரம் உறுதியாகவில்லை என்றால் திட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு தேதி நகர்ந்தால் மற்ற எல்லாமே நகரும்.

1. திரும்பும் வழியில் வையுங்கள்

போகும் வழியில் இறங்கினால் மனம் முழுக்க வேலையில் இருக்கும். இடையில் ஒரு விமானம் ரத்தானால் கூட்டமே போய்விடும். பெட்டி காணாமல் போனால் மறுநாள் கூட்டத்துக்குப் போட உடை இருக்காது. திரும்பும் வழியில் அதே தாமதம் நேர்ந்தால் வீடு சேர்வது ஒரு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

சிலர் போகும் வழியில் ஒரு நாள் நின்றால் நேர மாற்றத்துக்கு உடல் பழகிவிடும் என்பார்கள். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடல் பழகுகிறது. எட்டு மணி நேரம் வேறுபடும் ஊருக்குப் போகிறவருக்கு, இடையில் நிற்கும் ஒரு நாள் பெரிதாக உதவாது. வேலை நடக்கும் ஊருக்கே ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருவது இதைவிடப் பயனுள்ளது.

2. அலுவலகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

இதை டிக்கெட்டுக்கு முன்பே செய்ய வேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு கேட்டால், மேலாளர் மறுக்கவும் முடியாமல் ஒப்புக்கொள்ளவும் முடியாமல் தவிக்கிறார். அடுத்த முறை கேட்கும்போது அது நினைவில் இருக்கும்.

கேட்கும் கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும். எந்தத் தேதிகள் உங்கள் சொந்த விடுப்பு. எந்தச் செலவுகள் உங்களுடையவை. நேராகத் திரும்பினால் ஆகும் கட்டணம் எவ்வளவு, இடையில் இறங்கினால் எவ்வளவு.

கட்டண ஒப்பீட்டில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். ஒரே நாளில், ஒரே வகுப்பில், இரண்டு கட்டணங்களையும் தேடித் திரையைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவு கேட்கும்போது பழைய கட்டணத்தைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

காப்பீட்டைப் பற்றியும் இதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். நிறுவனம் எடுத்துத் தரும் பயணக் காப்பீடு வேலை நாட்களுக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கலாம். சொந்த நாட்களை அது ஏற்காது என்றால், அந்த நாட்களுக்குத் தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் கால் இடறினால்கூட வெளிநாட்டு மருத்துவச் செலவு தாங்க முடியாததாக இருக்கும்.

3. விசாவைப் பாருங்கள், டிக்கெட்டைத் தொடாதீர்கள்

விமான நிலையத்துக்குள் உட்கார்ந்திருப்பது வேறு, வாசலைத் தாண்டி ஊருக்குள் போவது வேறு. முதலாவதற்கு விசா கேட்காத நாடுகூட இரண்டாவதற்குக் கேட்கும். அமெரிக்காவில் இன்னும் கடுமை: வேறு நாட்டுக்குப் போக அங்கே விமானம் மாறுவதாக இருந்தாலும் குடியேற்றச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். விசாவோ, அதற்கு ஈடான மின்னணு அனுமதியோ இல்லாமல் இறங்கவே முடியாது.

எத்தனை முறை நுழையலாம் என்று விசாவில் எழுதியிருக்கும். இதை யாரும் படிப்பதில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரப்படுவது ஷெங்கன் விசா. ஒரே முறை நுழையும் ஷெங்கன் விசாவில் பாரிஸில் வேலையைத் தொடங்கியவர், நடுவில் லண்டன் போனால் அந்த நுழைவு அதோடு தீர்ந்துவிடுகிறது. திரும்பவும் ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ஊர் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. லண்டன் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பது பலருக்கும் விமான நிலையத்தில்தான் தெரிய வருகிறது.

நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. ஆனால் விசாவில் அதைவிடக் குறைவான நாட்கள் தரப்பட்டிருந்தால் அந்த எண்தான் செல்லும். ஐந்து நாள் கூட்டத்துக்கு ஏழு நாள் விசா கிடைத்திருந்தால், மிச்சம் இரண்டே நாள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாட்களாகவே எண்ணப்படும்.

விசா தகவலை அந்த நாட்டு அரசின் குடியேற்றத் துறைத் தளத்தில் மட்டும் பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் போன வருடம் போய் வந்தது உங்களுக்குச் சான்றாகாது. அவர் பாஸ்போர்ட்டில் வேறு ஒரு நாட்டின் விசா இருந்திருக்கலாம், அதனாலேயே அவருக்கு அனுமதி கிடைத்திருக்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

4. டிக்கெட்: 24 மணி நேரம் என்ற கோடு

சர்வதேச விமானக் கட்டணங்களில் ஒரு பொது வழக்கம் உண்டு. வழியில் ஓர் ஊரில் 24 மணி நேரம் வரை காத்திருந்தால் அது இணைப்பு. அதைத் தாண்டினால் அது இடைத்தங்கல், அதாவது ஸ்டாப்ஓவர். இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கட்டணம், வரி, பெட்டி எல்லாம் மாறும்.

பிரிட்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே டிக்கெட்டில் லண்டன் வழியாக 24 மணி நேரத்துக்குள் இணைப்பு விமானம் ஏறிவிடுகிற சர்வதேசப் பயணிக்கு அங்கிருந்து கிளம்பும் விமானப் பயணி வரி கிடையாது. அதற்கு மேல் தங்கினால் வரி சேரும். ஆகவே ஒரு பகல் போதும் என்றால், 20 அல்லது 22 மணி நேர இணைப்பைத் தேடுவது புத்திசாலித்தனம். காலை இறங்கி மறுநாள் விடியற்காலையில் கிளம்பலாம், டிக்கெட் சாதாரண இணைப்பாகவே இருக்கும்.

இதற்கு மேல் தங்க வேண்டும் என்றால், தேடும்போது ‘மல்டி சிட்டி’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு பகுதிக்கும் தேதியைத் தனித்தனியாகக் கொடுங்கள். சில விமான நிறுவனங்கள் தங்கள் தலைமையூரில் தங்கிப் போவதைத் தாங்களே ஊக்குவிக்கின்றன. ஐஸ்லாந்தேர் விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடப்பவர்கள் விமானக் கட்டணம் கூடாமல் ஐஸ்லாந்தில் ஏழு நாள் வரை தங்கிப் போகலாம்.

செய்யவே கூடாத தவறு ஒன்று உண்டு. சாதாரண டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, இடையூரில் இறங்கி, அடுத்த விமானத்தில் ஏறாமல் ‘நாளைக்குப் போய்க்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவது. ஒரு பகுதியில் ஏறாமல் விட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பகுதிகளும் ரத்தாகிவிடும். எங்களில் ஒருவர் இப்படித்தான் செய்தார். மறுநாள் கவுன்ட்டரில் அவருடைய டிக்கெட்டே இல்லை.

இரண்டு தனி டிக்கெட் எடுப்பது மலிவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு யாருக்கும் இல்லை. வேலைக்குத் திரும்பியாக வேண்டியவர் எல்லாப் பகுதிகளையும் ஒரே முன்பதிவு எண்ணில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அலுவலக முகவர் எடுத்துத் தந்த டிக்கெட் என்றால் மாற்றங்களையும் அவர் மூலமாகவே செய்யுங்கள். நடுவில் நீங்களே கை வைத்தால், சிக்கல் வரும்போது முகவரும் விமான நிறுவனமும் மற்றவரைக் கேட்கச் சொல்வார்கள்.

டிக்கெட்டை உறுதி செய்வதற்கு முன் விமான நிலையத்தின் பெயரை உரக்கப் படியுங்கள். டோக்கியோவின் நரிட்டா நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. இஸ்தான்புல்லின் இரண்டு விமான நிலையங்களில் ஒன்று ஐரோப்பியக் கரையில், மற்றொன்று ஆசியக் கரையில். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் அமைந்தால், ஊர் பார்க்க வைத்திருந்த நேரம் சாலையிலேயே கரைந்துவிடும்.

5. பெட்டி எங்கே இருக்கும்?

24 மணி நேரத்துக்கு உட்பட்ட இணைப்பில் பெட்டி பெரும்பாலும் கடைசி ஊர் வரை நேராகப் போய்விடும். அது சௌகரியம்தான். ஆனால் இடையில் ஓர் இரவு தங்குகிறவருக்கு மாற்றுடையும் மருந்தும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். அதனால் ஒரு நாளுக்கு வேண்டிய உடை, மருந்து, சார்ஜர் ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க் எப்படியும் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட விதி அனுமதிப்பதில்லை.

செக்-இன் கவுன்ட்டரில் பெட்டியின் சீட்டில் எந்த ஊர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நகருங்கள். இடையூரில் பெட்டி வேண்டும் என்றால் அங்கேயே கேட்க வேண்டும். சீட்டு ஒட்டிய பிறகு வழியில் அதைக் கைப்பற்றுவது கடினம். அமெரிக்காவில், முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி மறுபடி ஒப்படைக்கும்படிதான் பெரும்பாலும் இருக்கும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

கைப்பையோடு நாள் முழுக்க அலைய முடியாது. நிலையத்திலேயே பொருள் பாதுகாப்பு அறை இருக்கிறதா, அது எத்தனை மணிக்கு மூடும் என்று முன்பே பாருங்கள். அலுவலக மடிக்கணினியை மட்டும் அங்கே வைக்காதீர்கள். அது தொலைந்தால் உங்கள் பொருள் தொலைந்ததோடு முடிவதில்லை. முதுகில் சுமக்க முடியாது என்றால், மடிக்கணினி இல்லாமல் கூட்டத்தை முடிக்க முடியுமா என்று கிளம்பும் முன்பே யோசியுங்கள்.

6. கையில் இருக்கும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் பகுதியை மட்டுமாவது காகிதத்தில் எழுதிப் போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்கு இறங்கி இரவு 7 மணிக்கு ஏறுகிறவர், ‘பதினொரு மணி நேரம் இருக்கிறது’ என்கிறார். அவருக்கு இருப்பது மூன்றரை மணி நேரம்.

கணக்கு இப்படி. விமானம் தரை தொட்டதிலிருந்து குடியேற்ற வரிசையைத் தாண்டி வெளியே வர ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். நகரத்துக்குப் போக ஒரு மணி நேரம். ஆக ஊருக்குள் கால் வைப்பது காலை 10.30-க்கு.

இப்போது பின்னாலிருந்து. 7 மணி விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, மாலை 4 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். திரும்பும் பயணம் ஒரு மணி நேரம் என்றால் 3 மணிக்குக் கிளம்ப வேண்டும். எதிர்பாராத தடங்கலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பிற்பகல் 2 மணி. 10.30-லிருந்து 2 மணி வரை.

பெட்டி ஒப்படைக்க வேண்டியதில்லை, போர்டிங் பாஸும் கையில் இருக்கிறது என்றால் அந்த மூன்று மணி நேரத்தை இரண்டாகக் குறைக்கலாம். தடங்கலுக்கான ஒரு மணி நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். மழை, ரயில் நிறுத்தம், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒன்றுதான் காப்பு.

இந்தக் கணக்கில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வந்தால் நான் வெளியே போக வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் சில நிலையங்களில் இடைப்பயணிகளுக்கு இலவசச் சுற்றுலா நடத்துகிறார்கள். சிங்கப்பூர் சாங்கியிலும் சியோலுக்கான இஞ்சியோனிலும் அது உண்டு. இஸ்தான்புல்லில் துருக்கிய விமான நிறுவனம் தன் பயணிகளுக்கு நடத்துகிறது. திரும்பக் கொண்டுவந்து விடும் பொறுப்பு அவர்களுடையது என்பதால் குறைந்த நேரத்திலும் நம்பிப் போகலாம். குறைந்தபட்சக் காத்திருப்பு நேரம் என்று ஒன்றை அவர்கள் வைத்திருப்பார்கள், பயண வாரத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நுழையும் அனுமதி இதற்கும் வேண்டும்.

நள்ளிரவைத் தாண்டிய விமானங்களில் ஒரு பொறி இருக்கிறது. 15-ஆம் தேதி 00.30 மணி என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவே நிலையத்துக்குப் போக வேண்டும். 15-ஆம் தேதி முழுப் பகலும் ஊரில் இருக்கலாம் என்று விடுதி அறையும் எடுத்துவிட்டுப் பிறகு பதறியவர்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். 00.30 என்று பார்த்ததுமே நாட்காட்டியில் முந்தின நாளில் ‘இரவு கிளம்ப வேண்டும்’ என்று எழுதிவிடுங்கள்.

7. ஒரே ஒரு பகுதி

இப்போதுதான் இடம் தேர்வு. முந்தைய படியில் வந்த மணிக்கணக்கை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஓர் இடத்தை எழுதுங்கள். பிறகு அதிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பவற்றை மட்டும் சேருங்கள். வேறு திசையில் இருக்கும் எதுவும் வேண்டாம், அது எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் சரி.

காரணம் எளிது. தெரியாத ஊரில் நேரத்தைத் தின்பது இடம் மாறுவதுதான். எந்த நுழைவாயில், எந்த நடைமேடை, எந்தப் பக்கம் என்று தேடுவதிலேயே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முக்கால் மணி நேரம் போய்விடும்.

விமான நிலையத்திலிருந்து மாறாமல் ஒரே ரயிலில் போய்ச் சேரும் பகுதிக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆம்ஸ்டர்டாமில் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, கால் மணி நேரப் பயணத்தில் நகரத்தின் மைய நிலையம். அப்படிப்பட்ட ஊர்கள் குறுகிய நிறுத்தத்துக்கென்றே அமைந்தவை போல இருக்கும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தூக்கமில்லாத கண்ணுக்கு, சாலையின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே சந்தேகமாகிவிடும்.

8. மூடும் நாளும் முன்பதிவும்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அதே ஊரின் ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, தாஜ்மகாலுக்கு வெள்ளி. வேலைப் பயணத்தில் வருகிறவருக்கு நாளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இல்லை. அதனால் நாளைப் பார்த்து இடத்தை மாற்ற வேண்டும்.

இடத்தின் சொந்தத் தளத்தில் திறக்கும் நேரத்தோடு ‘கடைசி நுழைவு’ நேரத்தையும் பாருங்கள். மூடுவதற்கு முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். அந்த ஊரின் பொது விடுமுறை நாட்களையும் ஒரு முறை சரிபாருங்கள்.

ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு நுழைவுச் சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய வாரத்துச் சீட்டுகளை வெளியிடுகிறார்கள். இப்படிப்பட்ட இடம்தான் உங்கள் விருப்பம் என்றால், பயணத் தேதி உறுதியான அன்றே சீட்டு எடுக்க வேண்டும். நுழைவு நேரம் குறிப்பிட்ட சீட்டு எடுக்கும்போது, ஊருக்குள் சேரும் நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து வருமாறு எடுங்கள்.

விடியற்காலையில் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காலை 6 மணிக்கு எந்த அருங்காட்சியகமும் திறந்திருக்காது. ஆற்றங்கரை, பழைய வீதிகள், பூங்கா, குன்று என்று கதவில்லாத இடங்களை முதலில் வையுங்கள். கூட்டமில்லாத அந்த இரண்டு மணி நேரம்தான் பல ஊர்களில் எனக்கு நெஞ்சில் நின்றது.

9. இரவு தங்குவதாக இருந்தால்

விடுதியை விமான நிலையத்தருகே எடுப்பதா, ஊருக்குள் எடுப்பதா? மறுநாள் காலை 9 மணிக்கு முன் விமானம் என்றால் நிலையத்தருகே. இல்லையென்றால் ஊருக்குள், நிலையத்துக்குப் போகும் ரயில் பாதையிலேயே.

பெரும்பாலான விடுதிகள் அறையைப் பிற்பகலில்தான் தருவார்கள். காலையில் இறங்குகிறவர், பையை மட்டும் முன்னதாக வைத்துவிட்டுப் போகலாமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கான பணத்தை உங்கள் சொந்த அட்டையில் கட்டுங்கள், அலுவலக அட்டையில் கட்டிவிட்டுப் பிறகு சரிசெய்வதாக வேண்டாம்.

10. அன்றைய நாள்

இறங்கியதும் அடுத்த விமானத்தின் நேரத்தை மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் கணக்கும் மாறும். பிறகு ‘ஊரைவிட்டுக் கிளம்பும் நேரம்’ எது என்று கைப்பேசியில் அலாரம் வையுங்கள், விமானம் ஏறும் நேரத்துக்கு அல்ல. கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறியிருக்கிறதா என்று சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அலாரத்தை நம்புங்கள்.

பாஸ்போர்ட்டின் நகலும் அடுத்த விமானத்தின் விவரமும் கைப்பேசியில் இணையமில்லாமல் திறக்கும்படி இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்கும் அலுவலகத்தில் ஒருவருக்கும் எந்த ஊரில் இருக்கிறீர்கள், எந்த விமானத்தில் ஏறுகிறீர்கள் என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். பொது வைஃபையில் அலுவலகக் கோப்புகளைத் திறக்க வேண்டாம்.

அலாரம் அடித்ததும் கிளம்பிவிடுங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்றாலும் கிளம்புங்கள்.

விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது ரசீதுகளை இரண்டு உறைகளாகப் பிரியுங்கள்: அலுவலகத்துக்கு உரியவை ஒன்றில், உங்களுடையவை மற்றொன்றில். வீடு சேர்ந்து ஒரு வாரம் போனால், மை மங்கிய அந்தச் சீட்டுகளில் எது எந்த நாளுடையது என்று உங்களுக்கே தெரியாது.